மெயின் போர்டுக் கதவில் எழுதியிருந்தது

வருஷா வருஷம் இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்துப்போய் ஒரு வேடிக்கை காட்டுவேன். நடுவில் ஒரு முளையை அடித்து, அதில் ஒரு இரும்பு வளையத்தை மாட்டுவேன். வளையத்தில் மூன்று கயிறுகள். மூன்று மாணவர்கள் மூன்று பக்கமும் சம தூரத்தில் நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முளையிலிருந்து ஆளுக்கு உள்ள தூரத்தை இருநூற்று முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதுதான் வீட்டு வோல்ட்டேஜ். இப்போது ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தால் நானூற்றுக்குப் பக்கத்தில் வரும்.

"இருநூற்று முப்பதும் இருநூற்று முப்பதும் நானூற்று அறுபதுதானே சார்" என்று ஒருவன் எல்லா வருஷமும் கேட்பான். அவர்கள் எதிரெதிராக நிற்கவில்லை, முக்கோணமாக நிற்கிறார்கள், அதனால்தான் குறைகிறது என்று அவனுக்குக் காட்டுவேன். மூன்று பேஸ் கரண்டும் இப்படித்தான், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை, ஒன்று ஏறி மூன்றில் ஒரு பங்கு சுற்று கழித்துத்தான் அடுத்தது ஏறும் என்பேன். பையன்கள் கை தட்டுவார்கள். கரும்பலகையில் வர்க்கமூலம் மூன்று என்று எழுதினால் தூங்குகிறவர்கள் இதற்கு விழித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று செய்வேன். மூன்று பேரையும் ஒரே பலத்தில் இழுக்கச் சொல்லி, முளையைப் பிடுங்கிவிடுவேன். வளையம் இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த முளைதான் நியூட்ரல், லோடு சமமாக இருந்தால் நியூட்ரலுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போவேன். பதினாறு வருஷம் இப்படித்தான் சொன்னேன். சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பாடத்தில் ஒரு பக்கம் உண்டு, ஆனால் அதிலிருந்து பரீட்சையில் கேள்வி வருவதில்லை என்று தள்ளிவிடுவேன்.

இந்த அறிவோடுதான் ஆரணியில் என் வீட்டு மெயின் போர்டின் முன்னால் நின்றேன்.

எங்கள் காம்பவுண்டில் மூன்று குடித்தனம். முன் வீட்டில் நான், மனைவி, மகள். நடு வீட்டில் ஒரு வங்கி ஊழியர் குடும்பம். பின் வீட்டில் ஒரு பட்டுத் தறிக்காரர், அவர் மனைவி. எங்கள் ஜனம்தான், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். கரண்டு சர்வீஸ் ஒன்று, அதில் மூன்று பேஸ். சிவப்பு எனக்கு, மஞ்சள் நடு வீட்டுக்கு, நீலம் பின் வீட்டுக்கு. மூன்று வீட்டுக்கும் திரும்பிப் போகிற கம்பி, அந்த நியூட்ரல், ஒன்றே ஒன்று. போர்டு எல்லோரும் நடந்துபோகிற நடையில், தகரக் கதவு போட்ட பெட்டிக்குள் இருந்தது.

போர்டில் எது என்றாலும் ஒரே ஒயர்மேனைத்தான் கூப்பிடுவோம். எங்கள் தெரு முழுக்க அவர் கைதான். படவேடு ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து மொபெட்டில் வருவார். அப்பா, அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போனவர்கள். எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு, ஒருவரோடு சேர்ந்து தொழில் கற்றவர். வயதில் என்னைவிட இரண்டொரு வருஷம் மூத்தவராகத்தான் இருப்பார். ஆனால் தெருவில் எல்லோரும் அவரை நீ என்றுதான் சொல்வோம், நானும் சொன்னேன். அவர் நடையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். வேலை பாதியில் நின்றால், பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துப் போர்டுக் கதவில் எழுதிவிட்டுப் போவார். 'மஞ்சள் பேஸ் இல்ல', 'மோட்டார் போடாதீங்க' என்று. இங்கே ஒயர்மேன்கள் பலரும் இதைச் செய்வார்கள். ஒரு வீட்டில் ஒருவரிடம் சொன்னால் இன்னொருவர் வந்து சுவிட்சைப் போட்டுவிடுவார், கதவில் இருந்தால் எல்லோர் கண்ணிலும் படும் என்பது கணக்கு.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தார். நடு வீட்டில் விளக்கு சிமிட்டுகிறது என்று அவர்கள்தான் வரச் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டு பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். போர்டைத் திறந்து பார்த்தார். நியூட்ரல் கம்பிகள் வந்து சேருகிற பித்தளைப் பட்டை சூடேறிக் கருகியிருந்தது. திருகாணியை முடிந்தவரை இறுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது தாங்காது சார். கடைங்க பூஜைக்கு மூடிட்டாங்க. ரெண்டு நாளு கழிச்சி புதுசு கொண்டாந்து மாத்திடறேன்."

அதோடு சரி என்று நான் உள்ளே போயிருக்கலாம். பின் வீட்டுத் தறிக்காரர் நடையில் நின்றுகொண்டிருந்தார், என் மனைவி சமையலறை ஜன்னலில் இருந்தாள், பேசுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்டே போகாது, நீ ஏன் இதற்கு இவ்வளவு பயப்படுகிறாய் என்று ஆரம்பித்து, முளைக் கதையையும் வளையத்தையும் அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்:

"புக்குல அப்படி இருக்கலாம் சார். மூணு வூட்லயும் ஒரே மாதிரியா சமைக்கிறாங்க?"

தறிக்காரர் சிரித்துவிட்டார். ஜன்னலில் மனைவியும் சிரித்தாள், ஏட்டுச் சுரைக்காய் என்று அவள் முனகியது எனக்குக் கேட்டது. எனக்குக் காது மடல் சூடானது. சரி சரி, பூஜை கழித்து வந்து மாற்று என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவருக்கு இன்னும் நான்கைந்து வீடு பாக்கி, பண்டிகைக்கு சீரியல் விளக்கு கட்டுகிற அவசரம்.

மறுநாள் காலை பூஜைக்காக எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் தறிக்கு மட்டுமல்ல, தையல் மெஷின், கிரைண்டர், ஸ்கூட்டர், மெயின் போர்டு என்று உழைக்கிற எல்லாவற்றுக்கும் அன்றைக்குச் சந்தனம், குங்குமம் உண்டு. ஈரத்துணியோடு போர்டின் முன்னால் வந்தபோதுதான் கதவைப் பார்த்தேன்.

'நூட்ரல் லூஸ். ஹீட்டர் கிரைண்டர் இஸ்திரி போடாதீங்க. பூஜ கழிச்சி மாத்தறேன்.'

கோணல் இல்லாத எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மூன்று வரியும் தெரிகிறது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டு நடையில், எட்டாவது படித்தவர் எனக்கு எழுதிவைத்த உத்தரவு என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. பூஜைக்கு வருகிறவர்கள் படிப்பார்கள், கேட்பார்கள், மறுபடி சிரிப்பார்கள். ஒரே இழுப்பில் துடைத்தேன். அதன்மேல் சந்தனத்தைத் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் சந்தனத்தில் மறைத்தேன்.

யாரிடமும் வாயால்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஹீட்டரும் ஓடியது, கிரைண்டரும் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் விஜயதசமி. பூஜையன்று தறியில் கை வைக்கமாட்டார்கள், மறுநாள் நல்ல நேரம் பார்த்து நான்கு இழையாவது ஓட்டித் தொழிலைத் தொடங்குவார்கள். தறிக்காரர் அந்த வருஷம்தான் எலக்ட்ரானிக் ஜக்கார்டு போட்டிருந்தார். தறிக்கு மேலே உட்கார்ந்து, எந்தெந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்று டிசைனைப் பார்த்துச் சொல்லும் பெட்டி அது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கல்யாணப் புடவை பாதியில் இருந்தது, ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது.

காலையில் குளிக்க ஹீட்டரைப் போட்டேன், மனைவி கிரைண்டரைப் போட்டாள். சட்டென்று எங்கள் விளக்கு மங்கியது. கிரைண்டர் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. லோ வோல்ட்டேஜ் என்று சொல்லிவிட்டு நான் துண்டோடு நின்றேன். ஹீட்டரை அணைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதற்குள் பின் வீட்டிலிருந்து தறிக்காரரின் மனைவி சத்தம் போட்டார், பல்பு கண்ணைப் பறிக்கிறது, ஃபேன் பேய் மாதிரி சுற்றுகிறது என்று. நான் போய்ச் சேருவதற்குள் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் நடைக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். கதவு கை வைக்க முடியாமல் சுட்டது, நான் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

பின் வீட்டில் இரண்டு பல்பும் ஃபேனும் போய்விட்டன, அவை பெரிதல்ல. ஜக்கார்டு பெட்டி உள்ளே வெந்துபோயிருந்தது. தறிக்காரர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, நல்ல நேரத்தில் இரண்டாவது இழை ஓட்டும்போது அது நடந்தது. அவர் மனைவி தறியைப் பிடித்துக்கொண்டு அழுதார். விஜயதசமியன்று, தொடங்குகிற கையிலேயே இப்படி ஆனால் எங்கள் தெருவில் அது வெறும் ரிப்பேர் இல்லை.

தறிக்காரர் போன் போட, அரை மணியில் ஒயர்மேன் வந்துவிட்டார். அவர் வீட்டிலும் பண்டிகை, புதுச் சட்டையில் இருந்தார். போர்டைத் திறந்து, உடைந்து விழுந்திருந்த நியூட்ரல் பட்டையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தி, அதன் வெளிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுதிட்டுதானே போனேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

தறிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்கதானே தொடச்சீங்க. எதாச்சும் எழுதியிருந்துதா?"

"இல்லியே" என்றேன். "ஒண்ணும் இல்ல."

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். யோசிக்க அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்ததே.

ஒயர்மேன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்றுதான் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு, அப்ப வேற வூட்ல எழுதினேனோ என்னமோ, அன்னிக்கி ஒரே பேஜாரு என்றார். தறிக்காரர் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார். எதையெல்லாம் போடக் கூடாது என்று ஒரு வார்த்தை எழுதிவைக்கக் கூடாதா, உன்னை நம்பித்தானே விட்டோம் என்றார். ஒயர்மேன் தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டார், பிறகு எங்கேயோ போய்ப் புதுப் பட்டை வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஒரு வினாத்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடு வீடு பூட்டியிருந்தது. நியூட்ரல் விட்டுப்போனதும் என் வீடும் பின் வீடும் ஒரே சரடில் கோத்த மாதிரி, இரண்டு பேஸுக்கு நடுவே நானூறு வோல்ட்டில் தொங்கியிருக்கின்றன. முளையைப் பிடுங்கியாகிவிட்டது, கயிற்றை நான் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தேன். வளையம் என் பக்கம் வந்துவிட்டது. என் தூரம் குறைந்தது, அதனால் என் விளக்கு மங்கியது. அவர் தூரம் நீண்டது, முந்நூற்று ஐம்பதுக்குக் குறையாமல் அவர் பெட்டியில் ஏறியிருக்கும். ஹீட்டரும் கிரைண்டரும் போட்ட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெட்டியும் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் போட்டிருந்தவர் தலையில்தான் அத்தனையும் இறங்கியது. பாடத்தில் நான் தள்ளிவிட்டுப் போகிற பக்கம் அதுதான். அந்த வினாத்தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜக்கார்டு பெட்டியை, எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வெளியூருக்கு அனுப்பி, நானே சரிபண்ணி வாங்கிக்கொடுத்தேன். ஒரு மாதம் ஆனது, முகூர்த்தம் தவறிப்போனது. ஆனாலும் தறிக்காரரின் மனைவி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்து, அண்ணா இல்லையென்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று தெருவெல்லாம் சொன்னார். அந்தப் பொங்கலையும் நான் சாப்பிட்டேன்.

ஒயர்மேனை அதற்குப் பிறகு தெருவில் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டாம் என்று யாரும் கூடிப் பேசவில்லை. தசமியன்று கோளாறு பண்ணினவன் என்று ஒரு பேச்சு, அது போதுமானதாக இருந்தது. ஆறு மாதத்தில் அவர் மொபெட்டையே எங்கள் பக்கம் பார்க்க முடியவில்லை. செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நல்லதுதான், மாதச் சம்பளம் என்று நானும் சொன்னேன்.

இந்த வருஷம் என் கல்லூரி நேரம் மாறியது. காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற டீக்கடையின் முன்னால்தான் அவருடைய கம்பெனி பஸ்ஸும் நிற்கிறது. நீல யூனிஃபார்ம், டிஃபன் பை. முதல் நாளே, நல்லாருக்கீங்களா சார் என்றார். நல்லாருக்கேன்பா என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தேன். இப்படியே இரண்டு மாதம் போனது.

போன புதன்கிழமை டீக்கடை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் சலித்துக்கொண்டு, நீ ஒயர்மேன்தானே, கொஞ்சம் பாரேன் என்று அவரைக் கேட்டார். அவர் அண்ணாந்து அந்த விளக்கைப் பார்த்தார். என்ன கோளாறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு என்னைக் காட்டினார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. சார கேளுங்க."

பணிவாகத்தான் சொன்னார், குத்தலே இல்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனேன். முதல்முறையாக அவரிடம் நீங்க என்று பேசினேன், அது எனக்கே அந்நியமாக ஒலித்தது. அன்னைக்கு நீங்க கதவுல எழுதியிருந்தீங்க, நான்தான் தொடச்சேன், தெரிஞ்சேதான் தொடச்சேன் என்றேன். இன்னும் என்னவோ சொன்னேன், மன்னிப்பு, வெட்கம் என்றெல்லாம். அவர் அவற்றைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"எழுதியிருந்தனா சார்?"

"எழுதியிருந்தீங்க."

"இன்னா எழுதியிருந்தேன்?"

சொன்னேன். நூட்ரல் லூஸ் என்பதிலிருந்து மாத்தறேன் வரைக்கும், மூன்று வரியையும் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். அவர் உதடும் கூடவே அசைந்தது. கேட்டு முடித்துவிட்டு டிஃபன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அஞ்சு வூட்ல எந்த வூட்ல எழுதினேன், எதுல மறந்தேன்னு நெனச்சி நெனச்சிப் பார்ப்பேன் சார். மறதி வந்துட்ச்சின்னு நெனச்சேன். மறதி இருக்கறவன் கரண்டுல கை வெக்கக் கூடாது. அதான் வுட்டுட்டேன்."

கம்பெனி பஸ் வந்துவிட்டது. நாங்கள் துரத்திவிட்டதால்தான் அவர் தொழிலை விட்டார் என்று நான் நினைத்திருந்தேன், அதையே எனக்குப் பெரிய பாரமாக வைத்திருந்தேன். அவர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தறிக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏறிக்கொண்டார். இவரிடம் முதலில் சொன்னதே, இவர் என்னைத் திட்டமாட்டார் என்ற தைரியத்தில்தான் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. நடையைத் தாண்டி, மெயின் போர்டைத் தாண்டிப் பின் வீட்டுக்குள் போனேன். தறிக்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துத் தறியை நிறுத்திவிட்டு, என்ன அண்ணா இந்நேரத்தில் என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். நான்கு வருஷத்துக்கு முன்னால் நடையில் நின்று ஒயர்மேனை என்னவெல்லாம் பேசினோம் என்று தறிக்காரர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது.

"அவரு நம்பர் இருக்குதா? நான் அப்பவே அழிச்சிட்டேன்" என்றார். அண்ணா என்று சொல்லவில்லை.

இருந்தது. நான்கு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்தேன், கூப்பிட்டதுதான் இல்லை. கொடுத்தேன். அவர் தன் போனில் அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கம்பெனிக்குள்ளே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும் என்று டீக்கடையில் காதில் விழுந்ததை நான் சொன்னேன்.

அவர் போனைத் தறிக் கட்டையின் மேல் வைத்தார். பாவில் பாதி நெய்திருந்த புடவையின்மேல் ஒரு துணியைப் போர்த்தினார். பிறகு மூலையில் கிடந்த முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அது வரைக்கும் நீங்களும் இங்கியே இருங்க. என்கிட்ட சொன்னத அவருகிட்ட நான் ஸ்பீக்கர்ல போடும்போது சொல்லுங்க. தெருவுல நாலு பேர இட்டாரச் சொல்றேன்."

அவர் மனைவி எழுந்து வெளியே போனார். மணி ஒன்பது இருபது. நான் முக்காலியில் உட்கார்ந்தேன்.